ஹுவே: ஐந்து நாள், ஒரே சாப்பாட்டுக் கடை

முதல் நாள்: டா நாங்கிலிருந்து ரயில்

அம்மாவின் கைப்பையில் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, வறுத்த மோர் மிளகாய் ஒரு டப்பா, உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன அஞ்சறைப்பெட்டி. "போற எடத்துல தயிர் கிடைக்குமாடி?" என்று கும்பகோணத்தில் கிளம்பும்போதே கேட்டாள். திருச்சி விமான நிலையத்தில் கேட்டாள். கோலாலம்பூரில் விமானம் மாறும்போதும் கேட்டாள். அம்மாவுக்கு 68 வயது. தயிர் சாதம் இல்லாமல் ஒரு ராத்திரி கூடப் படுத்ததில்லை.

நான் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டு மூன்று வருடம் ஆகிறது. சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார். கக்கத்தில் ஒரு வைக்கோல் கன்று இருக்கும். செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தைத்தது. அதை மாட்டின் முன் வைப்பார். மாடு அதை நக்கும், மடி சுரக்கும், எங்கள் வீட்டுச் சொம்பு நிறையும். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாற்பது வயதில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது அந்த மாட்டின் நாக்கு கண் முன்னால் வந்தது. மறுநாள் காலையிலிருந்து பால் காபி குடிக்கவில்லை.

அம்மாவுக்கு இது இன்னும் ஆறாத கோபம். "நாம எல்லாம் சைவம்தானே, அதுக்கு மேல என்ன சைவம்?" என்பாள். நனிசைவம் என்று நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. ஆனால் ஓட்டலில் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. "பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம்" என்று நாலையும் எண்ணிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் தோசையில் நெய் மினுங்கும்.

வியட்நாமின் நடுப்பகுதியில் இருக்கும் ஹுவே நகரத்தைத் தேடி வந்ததற்கு இதுதான் காரணம். பழைய அரச நகரம், கோட்டை, கல்லறைகள் எல்லாம் உண்டு. எனக்கு அங்கே பார்க்க வேண்டியிருந்தது சாப்பாட்டுக் கடைகள். தெருவுக்குத் தெரு பால் கூட இல்லாத சைவச் சாப்பாடு கிடைக்கும் ஊர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மாவை ஏன் கூட்டி வந்தேன் என்றால், தனியாக வீட்டில் விட மனசு வரவில்லை.

டா நாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சோறும் வதக்கிய வள்ளைக்கீரையும் வாங்கினேன். கீரைதானே என்று நம்பினேன். அம்மா தட்டை மூக்கருகே கொண்டுபோய், "கருவாட்டு வாசனை வருதுடி" என்று அப்படியே வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. இந்த நாட்டில் உப்பு இருக்கும் இடத்திலெல்லாம் நுவோக் மாம் இருக்கும். நெத்தலி மாதிரியான மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு அது. கேட்காமல் வாங்கியது என் தப்பு.

ரயிலில் அவித்த சோளக்கதிர் விற்றுக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். 103 கிலோமீட்டர்தான், ஆனால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஹாய் வான் கணவாயில் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வலது பக்கம் உட்கார்ந்தால் நேர் கீழே கடல். அம்மா கதிரைக் கடித்தபடியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தயிர் பற்றி அந்த மூன்று மணி நேரமும் பேசவில்லை.

இரண்டாம் நாள்: சந்துக்குள் ஒரு கடை

தங்கியிருக்கும் இடம் து டாம் புத்த கோயிலுக்குப் பக்கத்தில், நாம் யாவ் என்ற மேட்டுக்கு ஏறும் சாலையில். காலையில் தூறல். சாலையிலிருந்து பிரியும் சந்துகளை இந்த ஊரில் கியெட் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அப்படி ஒரு கியெட்டில் பத்து வீடு தாண்டி, மஞ்சள் பலகையில் இரண்டே சொல்: கொம் சாய். கொம் என்றால் சோறு. சாய் என்றால் விலக்கி உண்பது.

இந்தச் சாய் என்ற சொல் சீனத்திலிருந்து வந்தது. உபோசதம் என்ற பௌத்த விரத நாளைச் சீனர்கள் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட சொல் அது. உபோசதமும் நம் உபவாசமும் ஒரே வேரில் பிறந்தவை. இலங்கையில் பௌர்ணமியைப் போயா என்கிறார்களே, அதுவும் உபோசதம் தேய்ந்து வந்ததுதான். ஆக, இந்தச் சந்துப் பலகையில் எழுதியிருப்பது ஒரு வகையில் நமக்குத் தெரிந்த சொல்.

கடை என்பது வீட்டின் முன்கூடம். மூன்று எவர்சில்வர் மேசை, முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் முக்காலிகள். சுவரில் குவான் அம் அம்மன் படம், அதன் முன் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் எட்டு பத்துத் தட்டில் பதார்த்தங்கள். நாம் சுட்டிக்காட்டினால் சோற்றின் மேல் எடுத்து வைப்பார்கள்.

கடைக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள், ஆங்கிலம் பேசுகிறாள். நான் முதலில் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தேன்: மீன் சாறு? முட்டை? பால்? வெண்ணெய்? அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். வெண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். சோற்றில் யாராவது வெண்ணெய் போடுவார்களா என்பதுபோல் பார்த்தாள்.

சீன வழிப் பௌத்தத்தில் துறவிகள் புலால் உண்ணக் கூடாது என்ற வழக்கத்தை 6ஆம் நூற்றாண்டில் லியாங் அரச மரபின் வூ பேரரசர் அழுத்தமாக நிலைநாட்டினார். அது இந்தப் பக்கமும் வந்தது. இங்கே விவசாயி மாடு வளர்த்தது உழவுக்கு, கறப்பதற்கு இல்லை. அதனால் புலாலை விட்டபோது விடுவதற்குப் பால் என்று ஒன்று சமையலில் இருக்கவே இல்லை. நம் ஊர்ச் சைவம் பாலில் மிதக்கிறது. இவர்கள் சைவத்தில் அந்தப் பேச்சே இல்லை. முழுச் சரியாகச் சொன்னால், ஒரு சின்ன இடுக்கு உண்டு. சாய் சாப்பிடுகிற பலர் காபியில் கெட்டிப்பால் ஊற்றிக் குடிப்பதைத் தப்பாக நினைப்பதில்லை. எதுவுமே கூடாது என்பவர்கள் துவன் சாய், அதாவது சுத்தச் சாய், என்று தனியாகச் சொல்கிறார்கள். இந்தக் கடை துவன் சாய்.

வெங்காயம், பூண்டு கூட இல்லை. பௌத்தத்தில் காரநெடி உள்ள ஐந்து பொருட்கள் விலக்கு, அதில் இவை இரண்டும் சேரும். அம்மாவுக்கு இதைச் சொன்னதும் முகம் மாறியது. "அமாவாசைச் சமையல்" என்றாள்.

அப்புறம் நான் பெட்டி முன்னால் நின்று, எதையும் கேட்காமல், எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று விரலைச் சுற்றிக் காட்டினேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். எனக்குத் தொண்டை அடைத்தது.

தட்டில் வந்தவற்றில் மூன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று, தோஃபு, சோயா பாலில் செய்யும் பனீர் மாதிரியான கட்டி. பொரித்து, சோயா சாற்றிலும் கருக்கிய சர்க்கரையிலும் மிளகிலும் வெகுநேரம் சிறுதீயில் வற்றவிட்டது. ஓரம் தோல்போல இழுபடும், நடுவில் பஞ்சு. இரண்டு, பாகற்காய். வெறும் எண்ணெயில் வதக்கியது, கசப்பை அடக்க எதுவும் போடவில்லை. மூன்று, பலாமூசு. வேகவைத்து, கையால் நார் நாராகக் கிழித்து, வறுத்த எள், நிலக்கடலை, காரமான ஒரு பச்சை இலை எல்லாம் சேர்த்துப் பிசிறியது. அதை அள்ளித் தின்ன ஓர் எள் அப்பளம். அம்மா அப்பளத்தை உடைத்து, பலாமூசை அள்ளி, மென்று, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நம்ம வீட்ல தேங்கா போடுவோம், இவங்க கடலை போடறாங்க. தப்பில்ல."

ஒரு தட்டு 30,000 டோங். நம் பணத்தில் நூறு ரூபாய்போல. கீரைச் சாறும் ஐஸ் தேநீரும் அதற்குள் அடக்கம். நம் பெருநகரங்களில் நனிசைவம் என்று பலகை வைத்த இடங்களில் நான் கொடுத்திருக்கும் விலையை நினைத்துப் பார்த்தேன். அங்கே கார் வைத்திருப்பவர்கள் வருவார்கள். இங்கே என் பக்கத்து முக்காலியில் இருந்தவர் கை முழுக்க மோட்டார் சைக்கிள் எண்ணெய்.

கிளம்பும்போது அம்மா சுவரைக் காட்டினாள். தினசரி நாட்காட்டி. எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குவதுபோலவே, நாளுக்கு ஒரு தாள் கிழிப்பது. பெரிய எண் ஆங்கிலத் தேதி, கீழே சின்ன எழுத்தில் சந்திர மாதத் தேதி. இன்று 13. கடைக்கார அம்மாவின் மகள் அடுத்த இரண்டு தாளையும் தூக்கி, 14, 15 என்று விரலால் தட்டிக் காட்டினாள். "அந்த ரெண்டு நாளும் சீக்கிரம் வாங்க, உட்கார இடம் இருக்காது."

மூன்றாம் நாள்: வாழைப்பூ

அமாவாசைதான் இவர்களுக்கு மாதத்தின் முதல் நாள். அன்றும் அதற்கு முதல் நாளும், பௌர்ணமியன்றும் அதற்கு முதல் நாளும், ஆக மாதத்தில் நாலு நாள் சாய். சிலர் இரண்டு நாள் மட்டும். ஆறு நாள், பத்து நாள் என்று கூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. மற்ற நாட்களில் மீனும் மாட்டிறைச்சியும் தாராளமாகச் சாப்பிடுகிறவர்கள்தான் பெரும்பாலோர்.

காலை ஆறரைக்கே போனோம். இந்த ஊரின் பேர் பெற்ற பலகாரம் பூன். அரிசிச் சேவை, நம்முடையதைவிடத் தடிமன், சூடான சாற்றில் போட்டது. வழக்கமாக மாட்டெலும்புச் சாறு. இங்கே அந்த இடத்தில் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். கடைக்கார அம்மா கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிப்போய்விட்டார். இடுப்பளவு அண்டா. அதில் வெள்ளை முள்ளங்கி, சோளக்கதிர், அன்னாசித் துண்டுகள், நசுக்கிக் கட்டுக் கட்டாகக் கட்டிய எலுமிச்சம்புல். இனிப்பு முதல் மூன்றிலிருந்து, வாசனை நாலாவதிலிருந்து. தனியாக ஒரு சின்ன வாணலியில் செம்மண் நிறத்தில் ஒரு விதையை எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, நிறம் இறங்கியதும் விதையை வடித்துவிடுகிறார். அந்த எண்ணெயில் ஒரு கரண்டியைக் கிண்ணத்தின் மேல் விட்டால் சாறு முழுக்கச் சிவப்பு வட்டங்கள். பார்த்தால் பயங்கரக் காரம் என்று தோன்றும். அந்த எண்ணெயில் காரமே இல்லை. காரம் பக்கத்துக் கிண்ணத்து மிளகாய் விழுதில் இருந்தது. ஹுவேக்காரர்கள் உறைப்புக்குப் பேர் போனவர்கள். அம்மா இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு குடித்தாள். நேற்றைவிடத் தெளிவாக இருந்தாள்.

அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பெண் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தார். பச்சையாகவே பூனின் மேல் தூவுவதற்கு. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் பதற்றம். அந்தப் பெண் மடலை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளே வரிசையாக இருக்கும் பூக்களைச் சுரண்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வெளிறிய உள்மடல்களை மட்டும் சுருட்டி நூல் நூலாக நறுக்குகிறார். நாம் எதைத் தூக்கிப் போடுகிறோமோ அதை அவர்கள் சாப்பிடுகிறார்கள். நாம் எதை உட்கார்ந்து ஆய்கிறோமோ அதை அவர்கள் தூக்கிப் போடுகிறார்கள்.

இன்னொன்று. நறுக்கியது கறுக்காமலிருக்க நாம் மோரில் போடுவோம். அவர் எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் போட்டார். பளிச்சென்று வெள்ளையாக நின்றது. அம்மா அந்தப் பாத்திரத்தில் விரலைவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் வாழைப்பூ வரும்போதெல்லாம் இந்த மோருக்காகச் சண்டை. நான் எனக்குத் தனியாக ஆய்ந்து வைத்துக்கொள்வேன்.

அப்புறம் அம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்து, குப்பையிலிருந்த பூக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றிலும் கள்ளனை உருவி எடுத்து, அடியில் இருக்கும் கண்ணாடிபோன்ற செதிலைக் கிள்ளிப் போட்டு, பூவை எலுமிச்சைத் தண்ணீரில் போட்டாள். கடைக்கார அம்மா வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். மகளிடம் ஏதோ சொன்னார். அவள் மொழிபெயர்த்தாள்: "இவ்வளவு வேலையா?"

"இவ்வளவுதான். கதை பேசிக்கிட்டே செஞ்சா தெரியாதுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

இங்கே யாரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், நம்மைப்போல. கடைக்கார அம்மாவின் மகள் என்னை அக்கா என்கிறாள். அம்மாவை மே என்கிறாள். ஹுவேப் பக்கத்தில் பாட்டிக்கு அப்படிப் பெயராம்.

மத்தியானம் தூறல் விட்டதும் நாம் யாவ் என்ற மேடைக்கு நடந்தோம். 1806இல் ங்யென் அரசர்கள் கட்டியது. வானத்துக்குப் பூசை செய்யும் திறந்தவெளி மேடை. அதன் ஓரத்தில் ட்ராய் குங் என்று ஓர் அரண்மனை. ட்ராய் என்பதும் சாய் என்பதும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு. பூசைக்கு முன்பே அரசர் இங்கே வந்து தங்கி விரதம் இருக்க வேண்டும். அதே பூசையில் எருமைகளைப் பலி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பைன் மரங்கள் நடுவே ஆளில்லாமல் கிடந்தது. அம்மா படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டாள்.

நான்காம் நாள்: பௌர்ணமி

விடிகாலையில் டோங் பா சந்தை. மஞ்சள் செவ்வந்தி, வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு, ஊதுவத்தி. நம் ஊர்க் கடைத்தெருவில் அமாவாசைக்கு முதல் நாள் இருக்கும் அதே அவசரம். உள்ளே சாப்பாட்டுக் கடைகள் பக்கம் போனதும் ஒன்று கவனித்தேன். நேற்றுக் காலை அந்த வழியாகப் போனபோது எலும்புச் சாறு கொதித்த ஒரு கடையில், அதே அம்மா, அதே முக்காலி, இன்று தோஃபுவும் காளானும். பலகையில் ஓர் அட்டை மட்டும் கூடியிருக்கிறது: சாய். அடுத்த கடையும் அப்படியே. பௌர்ணமியன்று கறிக்கு ஆள் குறைவு, அதனால் கடையே மாறிக்கொள்கிறது. புரட்டாசியில் நம் ஊரில் கறிக்கடை வெறிச்சோடும். ஆனால் பிரியாணிக் கடைக்காரர் அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் சாம்பார் சாதம் போட்டு நான் பார்த்ததில்லை.

பத்தரைக்குக் கியெட்டுக்குள் நுழையவே முடியவில்லை. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள். சீருடைப் பிள்ளைகள், வங்கி அட்டை கழுத்தில் தொங்கும் பெண்கள், சிமெண்ட் தூசியோடு கொத்தனார்கள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பொட்டலத்துக்கு நிற்பவர்கள். சாற்றைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையத்தைச் சுண்டிப் போடும் வேகம் நம் டீக்கடைகளில் பார்சல் கட்டுகிறவர்களுக்கு இணையானது. மூன்று மேசை போதாமல் எதிர்வீட்டுத் திண்ணை, பக்கத்து வீட்டு வாசல் எல்லாம் கடையாகிவிட்டது. யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

முக்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே நான் யோசித்ததை எழுதிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தில் தன்னை நனிசைவர் என்று சொல்லிக்கொள்பவர் ஒருவர் கூட இருக்க மாட்டார். நாளை காலை இவர்களில் பாதிப் பேர் மாட்டிறைச்சிப் பூன் சாப்பிடுவார்கள். ஆனால் இவர்கள் மாதத்தில் நாலு நாள் வருவதால்தான் மீதி இருபத்தைந்து நாளும் இந்தக் கடை நூறு ரூபாய்க்குச் சோறு போட முடிகிறது. நான் மூன்று வருடமாக முழுதாக மாறியவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மாறாதவர்களிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தேன், வீட்டிலும்தான். நம் ஊரிலும் அமாவாசை இருக்கிறது, கிருத்திகை இருக்கிறது, புரட்டாசி இருக்கிறது, வெங்காயம் பூண்டு தொடாத சமையல் இருக்கிறது. வள்ளலார் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அந்த இலையிலிருந்து நெய்யையும் மோரையும் மட்டும் எடுத்துவிட்டால் இந்தத் தட்டுதான். கும்பகோணத்தில் ஒரு சந்தில், நாட்காட்டி மாட்டிய சுவரோடு, அமாவாசைக்கு அமாவாசை நிரம்பி வழியும் கடை ஒன்று இருக்க முடியாது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

ஒன்றரை மணிக்கு எல்லாம் தீர்ந்தது. கடைக்கார அம்மா முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து காலை நீட்டினார். அப்போதுதான் அம்மா எழுந்தாள். நேற்று ஆய்ந்த வாழைப்பூவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னாள். பாசிப்பருப்பு இவர்கள் அடுப்படியில் டப்பா டப்பாவாக இருக்கிறது, தோல் நீக்கி உடைத்தது, நம்முடையதேதான். தேங்காய் காலையில் சந்தையில் வாங்கியது. அஞ்சறைப்பெட்டியிலிருந்து கடுகு, மிளகாய் வற்றல். கடுகு வெடித்தபோது மகள் துள்ளி விலகினாள்.

வாழைப்பூப் பொரியல். கடைக்கார அம்மா ஒரு வாய் எடுத்தார். மென்றார். துவர்ப்பு பிடிபடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சோயா சாற்றை எடுத்து அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றி ஊற்றி, கலந்து, இன்னொரு வாய். தலையாட்டினார். அம்மா திகைத்துப்போய் அதில் ஒரு விரல் எடுத்துச் சுவைத்தாள். பிறகு தன் தட்டிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

ராத்திரி மேகம் விலகி நிலா வந்தது. வீடுகளின் வாசலில் சின்ன மேசை போட்டு, பூ, பழம், ஊதுவத்தி வைத்திருந்தார்கள். நடந்து பார்த்தோம்.

ஐந்தாம் நாள்: து ஹியெவ்

பைன் காட்டுக்குள் இருக்கும் இந்த மடத்துக்குக் கடைக்கார அம்மாதான் போகச் சொன்னார். சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, "உங்கள் அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்" என்று மகள் வாயிலாகச் சொன்னார். ஏன் என்று அங்கே போனதும் தெரிந்தது.

1843இல் ஞாட் டின் என்ற துறவி அரச மடங்களின் பொறுப்பை விட்டுவிட்டு, வயதான தாயை வைத்துக் காப்பாற்ற இங்கே ஒரு குடிசை போட்டார். தாய்க்கு நோய். உடம்பு தேற மீன் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். அவர் துறவி, புலால் தொடாதவர். தினமும் ஊன்றுகோலோடு சந்தைக்கு நடந்து போய், மீன் வாங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி எடுத்துக்கொண்டு வருவார். சாமியார் மீன் தின்கிறார் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டில் தாய்க்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அவர் கீரையும் சோறும் சாப்பிட்டார். அவர் காலமான பிறகு, 1848இல், அரண்மனை அலிகளின் பொருளுதவியோடு இடம் பெரிதானது. பிள்ளை குட்டி இல்லாத அவர்களுக்குத் திதி கொடுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அவர்கள் கல்லறைகள் இன்றும் காட்டுக்குள் வரிசையாக இருக்கின்றன. அரசர் து டுக் இதற்கு வைத்த பெயர் து ஹியெவ். கருணையும் தாய் தந்தையரைப் பேணுவதும் என்று பொருள்.

உலகம் அறிந்த பௌத்த ஆசான் திக் ஞாட் ஹான் 16 வயதில் துறவியானது இதே மடத்தில்தான். 2007இல் தம் சங்கத்தாருக்கு எழுதிய கடிதத்தில் பாலையும் முட்டையையும் கூட விடும்படி கேட்டுக்கொண்டவர் அவர். 2018இல் இங்கேயே திரும்பி வந்து, 2022 ஜனவரி 22 அன்று காலமானார். பாலை விடச் சொன்னவரும் தாய்க்கு மீன் வாங்கி வந்தவரும் ஒரே வாசலைச் சேர்ந்தவர்கள்.

பிறைவடிவக் குளத்தோரம் பொட்டலத்தைப் பிரித்தோம். மீன் கதையை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் குளத்தில் திரியும் மீன்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவரு அம்மா, புள்ளய மீன் தின்னச் சொல்லியிருக்க மாட்டா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "நான் உன்ன எவ்வளவு சொல்லிட்டேன்."

திரும்பும்போது அம்மாவை அறையில் படுக்க வைத்துவிட்டு நான் மட்டும் வெளியே வந்தேன். முக்குக் கடையின் குளிர்பெட்டியில் தயிர் இருந்தது. சின்னச் சின்னக் கிண்ணத்தில் மூடி ஒட்டியது. இங்கே தயிர் என்றால் சர்க்கரை போட்டதுதான் வழக்கம். சர்க்கரை இல்லாதது இருக்கிறதா என்று கைபேசியில் எழுதிக் காட்டிக் கேட்டேன். அடியில் தேடி நாலு எடுத்துக் கொடுத்தார்கள். பையில் போடாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு கியெட் வாசல் வழியாக நடந்தேன். கடைக்கார அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். அறையைக் காட்டி "மே" என்றேன். உள்ளே போய் ஒரு பை நிறைய வெறும் சோறு கொண்டு வந்தார். காசு வாங்கவில்லை.

அம்மா சோற்றை நன்றாகக் குழையப் பிசைந்தாள். உப்பு போட்டாள். நாலு கிண்ணத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து விட்டாள். மோர் மிளகாய் டப்பாவைத் திறந்தபோது அறை முழுக்க எங்கள் வீட்டு வாசனை. முதல் கவளத்தை எடுப்பதற்கு முன் நிறுத்தி, பிசையாத சோற்றில் பாதியை வேறு தட்டில் தள்ளினாள். எலுமிச்சம்பழத்தை அதன் மேல் பிழிந்து, சோயா சாறு கொஞ்சம் விட்டு, கலந்து என் பக்கம் நகர்த்தினாள்.

"கை வேற கைடி. தயிர்ப் பட்ட கை இல்ல" என்றாள்.